ஆவணமும் அணுக்கமும்: ஐடா டார்பெல்லின் வணிகப் புலனாய்வு எழுத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க வணிகப் புலனாய்வு இதழியலின் முன்னோடியாகப் போற்றப்படும் ஐடா டார்பெல் (1857–1944), ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வரலாற்றை எழுதியவர் என்ற ஒரே அடையாளத்துக்குள் பெரும்பாலும் அடக்கப்படுகிறார். அவரே பின்னாளில் எஃகு முதலாளி எல்பர்ட் கேரிக்கும் மின்துறைத் தலைவர் ஓவன் யங்குக்கும் பரிவு மிகுந்த வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். இவ்விரு முகங்களையும் ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, அவருடைய கொள்கை மாறியது என்பதைவிட, சான்றுகளோடு அவர் கொண்டிருந்த உறவு மாறியது என்பதே பொருத்தமான விளக்கம் என வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: புலனாய்வு இதழியல், ஸ்டாண்டர்டு ஆயில், முற்றுரிமை, ஆவணச் சான்று, வாழ்க்கை வரலாறு.

முன்னுரை

புலனாய்வு இதழியல் பற்றிய பாடநூல்களில் டார்பெல்லின் பெயர் ஒரு வீரக்கதையின் வடிவில் இடம்பெறுவது வழக்கம். எண்ணெய் வயல்களில் பிறந்த பெண் ஒருவர், தம் தந்தையைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களை நசுக்கிய ராக்ஃபெல்லரின் நிறுவனத்தைப் பேனாவால் வீழ்த்தினார் என்பது அக்கதை. 1999இல் நியூயார்க் பல்கலைக்கழக இதழியல் துறை முன்னின்று வெளியிட்ட, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 அமெரிக்க இதழியல் ஆக்கங்களின் பட்டியலில் அவருடைய ‘ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் வரலாறு’ ஐந்தாம் இடம் பெற்றது. வீரக்கதைக்கு இதைவிடச் சிறந்த முத்திரை வேண்டியதில்லை.

அக்கதை 1911ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. டார்பெல்லோ அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார், இடைவிடாது எழுதினார். 1925இல் வெளிவந்த எல்பர்ட் கேரியின் வாழ்க்கை வரலாற்றையும் 1932இல் வெளிவந்த ஓவன் யங்கின் வாழ்க்கை வரலாற்றையும் படிக்கும் வாசகர், இவற்றை எழுதிய கைதான் ராக்ஃபெல்லரைப் பற்றியும் எழுதியதா என ஐயுறுவது இயல்பு. முதுமை, பிழைப்புக்கான தேவை, பழமைச் சார்பு என இதற்குக் காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் அவை எழுத்தாளரைப் பற்றிய விளக்கங்கள். எழுத்தைப் பற்றியவை அல்ல. எழுத்துக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை அறிய, அவர் எவற்றிலிருந்து எழுதினார், யாரிடமிருந்து பெற்று எழுதினார் என்பதைப் பின்தொடர வேண்டியுள்ளது.

எண்ணெய் நிலமும் எட்டாத நடுநிலையும்

டார்பெல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 1857 நவம்பர் 5 அன்று பிறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1859 ஆகஸ்டில், அருகிலிருந்த டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் ஊறியது. தந்தை ஃபிராங்க்ளின் டார்பெல் எண்ணெயைச் சேமிப்பதற்கான மரத்தொட்டிகளைச் செய்து பொருளீட்டினார். பின்னர் தாமே எண்ணெய் உற்பத்தியில் இறங்கினார். கிணறு வெடித்துத் தீப்பற்றியதும், ஒரே இரவில் ஊர் முளைத்ததும், சில ஆண்டுகளில் அதே ஊர் வெறிச்சோடியதும் டார்பெல்லுக்கு ஏட்டறிவு அல்ல, இளமையின் சூழல்.

1872இல் நிகழ்ந்த ‘எண்ணெய்ப் போர்’ இச்சூழலின் திருப்பம். தென் மேம்பாட்டுக் கம்பெனி என்ற பெயரில் ராக்ஃபெல்லரும் வேறு சில சுத்திகரிப்பாளர்களும் மூன்று பெரிய ரயில்பாதை நிறுவனங்களோடு மறைவாக ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அவ்வுடன்பாட்டின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் டார்பெல்லின் பிற்காலச் சினத்தைப் புரிந்துகொள்ள இயலாது. எண்ணெய் வயலிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் கொண்டுசெல்ல வெளிப்படையான கட்டணம் 80 சென்ட். அதில் 40 சென்டை ரயில் நிறுவனம் கம்பெனிக்குத் திருப்பித் தரும். இதுவரை பெருவணிகருக்குரிய சலுகை என்று சொல்லி அமைதி காண முடியும். ஆனால் உடன்பாட்டில் சேராத பிறர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் ஒரு பகுதி அதே கம்பெனிக்குப் போகும். அதாவது, போட்டியாளர் தம் சரக்கை அனுப்பும்போதெல்லாம் தம் எதிரிக்குக் கப்பம் கட்டுகிறார்; அவர் எவ்வளவு அனுப்புகிறார், யாருக்கு அனுப்புகிறார் என்ற விவரமும் எதிரியைச் சென்றடைகிறது.

உடன்பாடு வெளியானதும் எண்ணெய் வயல் கொந்தளித்தது. பென்சில்வேனியச் சட்டமன்றம் அக்கம்பெனியின் உரிமப் பட்டயத்தை நீக்கியது. ஆனால் அந்த அச்சம் நிலவிய சில வாரங்களுக்குள்ளேயே கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ராக்ஃபெல்லரின் கைக்கு வந்துவிட்டன. ஃபிராங்க்ளின் டார்பெல் சுதந்திர உற்பத்தியாளர் பக்கம் நின்றார். பிற்காலத்தில் அவருடைய கூட்டாளி கடன்சுமையில் தற்கொலை செய்துகொண்டதையும், குடும்பத்தின் வீடு அடமானம் வைக்கப்பட்டதையும் டார்பெல் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

ஆகவே, டார்பெல் நடுநிலையான பார்வையாளராக இப்பொருளுக்குள் நுழையவில்லை. அவருடைய சகோதரர் வில்லியம், ஸ்டாண்டர்டு ஆயிலுக்குப் போட்டியாக உருவான பியூர் ஆயில் கம்பெனியில் பொறுப்பான பதவி வகித்தவர் என்பதையும் சேர்த்தால், இன்றைய இதழியல் நெறிகளின்படி அவர் இப்பொருளைத் தொடவே தகுதியற்றவர் எனச் சிலர் கூறக்கூடும். இந்தக் குறையை மறைக்க முயலும் புகழுரைகள் அவருக்கு நன்மை செய்வதில்லை. நடுநிலை இல்லாத ஒருவர், அதை ஈடுசெய்ய எத்தகைய முறையியலை மேற்கொண்டார் என்ற வினாவில்தான் அவருடைய உண்மையான சாதனை தங்கியுள்ளது.

பாரிஸில் பெற்ற பயிற்சி

அலெகெனி கல்லூரியில் 1876இல் முதலாண்டு வகுப்பில் சேர்ந்த ஒரே பெண் டார்பெல். உயிரியலில் ஈடுபாடு கொண்டு நுண்ணோக்கியோடு பழகியவர். ஆசிரியப் பணியும் ‘சொட்டாக்வன்’ இதழின் பணியும் கடந்து 1891இல் பாரிஸ் சென்றார். பிரெஞ்சுப் புரட்சியில் கொலைப்பொறிக்கு இரையான மேடம் ரோலானின் வாழ்க்கையை எழுதுவது நோக்கம். பெண் ஒருவர் அரசியலில் பங்கேற்றால் வன்முறை தணியும் என்ற நம்பிக்கையோடு தொடங்கிய ஆய்வு, ஆவணங்களைப் படிக்கப் படிக்க அந்நம்பிக்கையைக் குலைத்தது. ரோலானின் வழித்தோன்றல்கள் அவரை அன்போடு வரவேற்றுக் குடும்பக் கடிதங்களையும் படிக்கத் தந்தனர். அவ்வாறு நெருங்கியிருந்தும், 1896இல் வெளிவந்த நூல் வழிபாட்டு நூலாக அமையவில்லை.

இச்செய்தி இக்கட்டுரையின் வாதத்துக்கு இடையூறு போலத் தோன்றலாம். நெருக்கம் உண்மையைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதை அது காட்டுகிறது. ஆனால் ரோலான் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. அவரைப் பற்றிப் பகைவர் எழுதியவையும் நண்பர் எழுதியவையும் அரசு நடவடிக்கைக் குறிப்புகளும் நூலகத்தில் ஒருங்கே கிடைத்தன. குடும்பம் தந்த கடிதங்கள் பல சான்றுகளுள் ஒரு வகை மட்டுமே.

‘மெக்ளூர்ஸ்’ இதழுக்காக எழுதிய நெப்போலியன் தொடர் சில வாரங்களின் அவசர வேலை. விற்பனையை உயர்த்தியது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லிங்கன் தொடர் வேறு வகையானது. லிங்கனைப் பற்றி எழுத இனி எதுவும் இல்லை என்ற எண்ணம் நிலவிய காலத்தில், டார்பெல் கென்டக்கி, இண்டியானா, இல்லினாய் ஆகிய மாநிலங்களின் நீதிமன்றப் பதிவேடுகளையும் உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் லிங்கனை அறிந்திருந்த எளிய மனிதர்களையும் தேடிச் சென்றார். மாவட்ட நீதிமன்றத்தின் தூசி படிந்த பதிவேடு ஒரு மனிதனின் வரலாற்றைச் சொல்லும் என்ற அறிவு, ஸ்டாண்டர்டு ஆயில் நூலின் அடித்தளமாயிற்று.

பதிவேடுகள் பேசும் நூல்

ஸ்டாண்டர்டு ஆயில் தொடர் 1902 நவம்பர் முதல் 1904 அக்டோபர் வரை 19 பகுதிகளாக வெளிவந்தது. 1904இல் இரண்டு தொகுதிகளாக நூலுருப் பெற்றது. இதே பொருளில் ஹென்றி டிமரெஸ்ட் லாய்டு 1894இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். அறச்சினத்தில் லாய்டு டார்பெல்லைவிட ஒருபடி மேலானவர். ஆனால் அந்நூல் நிறுவனத்தின் பெயரையும் ராக்ஃபெல்லரின் பெயரையும் சொல்லாமலே முழுவதையும் நடத்திச் செல்கிறது. பெயர் இல்லாத குற்றச்சாட்டு, எத்தனை உருக்கமாயினும், மறுப்புக்கும் உறுதிப்படுத்தலுக்கும் உட்படுவதில்லை. டார்பெல் பெயர், நாள், தொகை, வழக்கு, பக்கம் ஆகியவற்றைத் தந்தார். இதனாலேயே அவருடைய நூலில் பிழை கண்டுபிடிக்கவும் முடிகிறது. இது அந்நூலின் சிறப்பே அன்றிக் குறை அன்று.

சான்றுகள் எங்கிருந்து வந்தன என்பது கருதத்தக்கது. 1870கள் தொட்டு ஸ்டாண்டர்டு ஆயில் ஓயாமல் விசாரணைக்கு உள்ளாகிவந்தது. 1872, 1876 ஆகிய ஆண்டுகளின் நாடாளுமன்ற விசாரணைகள், ரயில் கட்டணங்களை ஆராய்ந்த 1879ஆம் ஆண்டின் நியூயார்க் ஹெப்பர்ன் குழு, 1888ஆம் ஆண்டின் டிரஸ்டு விசாரணைகள், ஓஹியோ உச்ச நீதிமன்றத்தின் 1892ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நூற்றாண்டின் இறுதியில் கூடிய தொழில் ஆணையம் என அப்பதிவுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகக் கிடந்தன. யாரும் ஒன்றுசேர்த்துப் படிக்கவில்லை. நிறுவனத்தின் அலுவலர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, தம் விருப்பத்துக்கு மாறாக, குறுக்கு விசாரணையில் சொன்ன சொற்கள் அவை. ஓர் ஆண்டில் ஒரு குழுவின் முன் சொன்னதை வேறோர் ஆண்டில் வேறொரு குழுவின் முன் சொன்னதோடு அருகருகே வைப்பதே டார்பெல்லின் அடிப்படை உத்தி. அவ்வாறு வைத்த பின் அவர் பெரும்பாலும் குரலை உயர்த்துவதில்லை.

தென் மேம்பாட்டுக் கம்பெனியைப் பற்றி 1870களில் வெளிவந்த ஒரு சிறுநூலின் படிகள் அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன என்று அவரிடம் சொல்லப்பட்டது. நியூயார்க் பொது நூலகத்தின் ஆவணப் பிரிவுத் தலைவர் அடிலெய்டு ஹாசியின் உதவியால் ஒரு படி கிடைத்தது. கிளீவ்லாந்தில் தகவல் திரட்டிய ஜான் சிடாலின் உழைப்பும் இத்தகையது. தனிமனித வீரக்கதை மறைத்துவிடும் நூலகரும் உதவியாளரும் இவ்வாக்கத்தின் பங்காளிகள். பொது நூலகமும் அச்சிட்ட விசாரணைப் பதிவும் இல்லாத ஒரு நாட்டில் இந்நூல் பிறந்திருக்காது என்பதும் சொல்லத்தக்கதே.

ரோஜர்ஸின் கதவு

ஆவணங்களுக்கு அப்பால் ஓர் உயிருள்ள சான்றும் இருந்தது. நிறுவனத்தின் மூத்த தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸ், எழுத்தாளர் மார்க் ட்வைனின் நண்பர். ட்வைன் வழியாக ஏற்பட்ட தொடர்பால் 1902 தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் டார்பெல் ரோஜர்ஸைப் பலமுறை சந்தித்தார். ரோஜர்ஸும் ஒருகாலத்தில் எண்ணெய் வயலில் ரவுஸ்வில்லில் வாழ்ந்தவர். இருவரும் பழைய ஊரின் மலைச்சரிவுகளையும் பாதைகளையும் பேசித் தீர்த்தனர். டார்பெல் அவரை விரும்பினார் என்பதைத் தன்வரலாறு ஒளிக்கவில்லை. தாம் கண்டறிந்ததை அவரிடம் காட்டி விளக்கம் கேட்பார். எதை எழுதுவது என்பதைத் தாமே முடிவு செய்வார். இந்த ஏற்பாட்டின் வலிமையையும் ஆபத்தையும் நூலுக்குள்ளேயே காண இயலும்.

ஆபத்துக்குச் சான்று பஃபலோ வழக்கைப் பற்றிய இயல். போட்டி ஆலை ஒன்றைக் கெடுக்கச் சதி செய்ததாக ரோஜர்ஸ் உள்ளிட்டோர் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அது. நீதிபதி ஸ்டாண்டர்டு தலைவர்களை விடுவித்தார். தம் பெயர் இவ்வழக்கிலிருந்து துடைக்கப்பட வேண்டும் என்பதில் ரோஜர்ஸ் மிகுந்த அக்கறை கொண்டிருந்தார். டார்பெல்லின் இயலும் அவருக்குச் சாதகமாகவே முடிகிறது. சான்றுகளும் அத்திசையையே காட்டின என்பதால் இதைச் சலுகை என்று கூற முடியாது. எனினும் நூல் முழுவதிலும் நிறுவனத்தின்பால் அவர் கொண்ட பொறுமை மிகுதியாகப் புலப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. அது பேச்சுத்துணை கிடைத்த இடமாக இருப்பது தற்செயல்தானா என்ற ஐயம் எஞ்சுகிறது.

வலிமைக்குச் சான்று ‘கொல்வதற்காக வெட்டுதல்’ என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட பத்தாம் இயல். ஸ்டாண்டர்டு அலுவலகம் ஒன்றில் எரிப்பதற்காகக் குவிக்கப்பட்ட தாள்களில், தன் ஞாயிற்றுப் பள்ளி ஆசிரியரின் பெயரைக் கண்ட இளம் எழுத்தன் அவற்றை எடுத்துப் பார்த்தான். அந்த ஆசிரியர் ஒரு சுதந்திரச் சுத்திகரிப்பாளர். அவர் எந்த ரயிலில், எத்தனை பீப்பாய், யாருக்கு அனுப்பினார் என்ற விவரங்களை ரயில் நிலைய ஊழியர்களே ஸ்டாண்டர்டுக்கு அனுப்பிவந்தது அத்தாள்களில் தெரிந்தது. தாள்கள் இறுதியில் டார்பெல்லை வந்தடைந்தன. போட்டியாளரின் சரக்கை உளவு பார்ப்பதில்லை என்று ரோஜர்ஸ் முன்னர் மறுத்திருந்தார். டார்பெல் ஆவணங்களை, மனிதர்களின் பெயரை மாற்றி, அச்சிட்டார். அத்துடன் ரோஜர்ஸின் கதவு மூடியது.

விருப்பத்துக்குரிய மனிதர் ஒருவரின் சொல்லும் ஒரு தாளும் முரண்பட்டபோது அவர் தாளைத் தேர்ந்தார். அவருடைய பணிவாழ்வின் உச்சம் இதுவே எனலாம். தாள் கிடைத்திராவிட்டால் அந்த இயல் எவ்வாறு அமைந்திருக்கும் என்பது, பின்னர் வரும் கேரி நூலை எண்ணும்போது, இன்றியமையாத கேள்வியாகிறது.

குறைகளும் மறுப்புகளும்

நூலின் பதினேழாம் இயல் ஸ்டாண்டர்டின் ‘முறையான பெருமை’யைப் பேசுகிறது. வீணாவதைத் தடுத்தல், பீப்பாயையும் டின்னையும் தானே செய்தல், குழாய்ப் பாதைகளின் ஒழுங்கு, உலகச் சந்தையை அடையும் திறன் ஆகியவற்றை அவர் மனமொப்பிப் பாராட்டுகிறார். (இந்தியச் சந்தைக்கும் அந்த எண்ணெய் வந்து சேர்ந்தது, ‘சீமையெண்ணெய்’ என்ற சொல்லில் அக்காலத்தின் மணம் இன்னும் ஒட்டியுள்ளது.) பெருமை இருந்தும் ஏன் கள்ளத்தனம் என்பதே அவருடைய புகார். அளவில் பெரிதாக இருப்பது குற்றமன்று, ஆட்டத்தின் விதியை மீறுவதே குற்றம் என்ற இந்நிலைப்பாடு அவரை அக்காலச் சோசலிசரிடமிருந்து பிரிக்கிறது. பிற்காலத்தில் அவர் ‘மாறிவிட்டார்’ என்போர் இந்த இயலை மீண்டும் படிக்க வேண்டும்.

மறுப்புகளில் முதன்மையானவை மூன்று. பேக்கஸ் என்ற கைம்பெண் தம் மசகு எண்ணெய் ஆலையை 79,000 டாலருக்கு ஸ்டாண்டர்டுக்கு விற்க நேர்ந்த நிகழ்வை டார்பெல் கொடுமையின் சான்றாகக் காட்டினார். ஆலையின் நிலையைக் கணக்கிட்டால் அவ்விலை நியாயமானதே என்று ஆலன் நெவின்ஸ் 1940இல் வெளிவந்த ராக்ஃபெல்லர் வரலாற்றில் வாதிட்டார். பின்வந்த வரலாற்றாளர் பலரும் இதில் நெவின்ஸ் பக்கமே நிற்கின்றனர். போட்டியாளரை வீழ்த்த ஸ்டாண்டர்டு விலையை அடக்கத்துக்குக் கீழே குறைத்தது என்ற கருத்துக்கு வழக்குப் பதிவுகளில் போதிய ஆதாரமில்லை என்று பொருளியலாளர் ஜான் மக்கீ 1958இல் எழுதினார். மக்கீயின் கட்டுரையும் பின்னர் மறுக்கப்பட்டது, அவ்விவாதம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் ரயில் கட்டணக் கழிவு குறித்த டார்பெல்லின் ஆவணத்தை இவ்விரு மறுப்புகளும் அசைக்கவில்லை.

மூன்றாவது குறையை மறுப்பாளர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அது வெளிப்படையானது. 1905 ஜூலை, ஆகஸ்ட் இதழ்களில் வெளிவந்த ராக்ஃபெல்லரின் ‘குணச்சித்திரம்’ நோயால் முடி முழுவதையும் இழந்திருந்த முதியவரின் தோற்றத்தையே அவர் குணத்துக்குச் சான்றாகக் காட்டியது. 1903இல் கிளீவ்லாந்துத் தேவாலயத்தில் ஒரு ஞாயிறன்று தொலைவிலிருந்து கண்டதே அதற்கு ஆதாரம். நூலில் பதிவேட்டை முன்னிறுத்தியவர் இங்கு முகத்தை முன்னிறுத்தினார். அவ்வாண்டு மார்ச்சில் தந்தை ஃபிராங்க்ளின் காலமாகியிருந்தார் என்பது வருத்தத்தை விளக்கலாம், எழுத்தை நியாயப்படுத்தாது. சான்றின் கட்டுப்பாடு நீங்கிய இடத்தில் அவருடைய பகை எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு இக்கட்டுரை சாட்சி. அதே கட்டுப்பாடு நீங்கினால் அவருடைய நட்பு எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிய வாசகர் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

விளைவு பற்றிச் சிறிது. 1906 நவம்பரில் ஒன்றிய அரசு ஷெர்மன் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைப் பிரிக்கும் ஆணையை உறுதிசெய்தது. 34 நிறுவனங்கள் தோன்றின. இவற்றை டார்பெல்லின் நூலே நிகழ்த்தியது என்பது மிகை. மாநில வழக்குகளும் நிறுவனங்கள் பணியகத்தின் அறிக்கையும் அரசியல் சூழலும் சேர்ந்தே நிகழ்த்தின. சிதறிக் கிடந்த விசாரணைப் பதிவுகளைப் பொதுமக்கள் படிக்கத்தக்க ஒரே கதையாக்கியது நூலின் பங்கு. அப்பங்கு சிறிதன்று.

கேரியும் யங்கும்

1906 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இவ்வகை எழுத்தாளரை, பன்யனின் கதைமாந்தரை நினைவூட்டி, ‘சேறு வாருவோர்’ என்றார். டார்பெல் அப்பெயரை விரும்பவில்லை. தாம் வரலாற்றாசிரியர் என்றே அவர் கருதினார். அவ்வாண்டே மெக்ளூரை விட்டுப் பிரிந்து, நண்பர்களோடு ‘அமெரிக்கன்’ இதழை நடத்தினார். 1911இல் வந்த சுங்கவரி பற்றிய நூலில் பழைய முறையியல் இன்னும் உயிரோடு இருந்தது. 1912இல் வெளியான பெண்கள் பற்றிய நூலும் வாக்குரிமை இயக்கத்தை அவர் ஆதரிக்காமல் நின்றதும் தனி ஆய்வுக்குரியவை. 1916இல் வெளிவந்த ‘வணிகத்தில் புதிய இலட்சியங்கள்’ ஒரு திருப்பத்தை அறிவிக்கிறது: குறையைத் தேடிய கண் இப்போது நல்ல ஆலையைத் தேடிப் போயிற்று. தேடல் தவறன்று. ஆலைகளை யார் சுற்றிக் காட்டினர் என்பதே கேள்வி.

எல்பர்ட் கேரி ஐக்கிய அமெரிக்க எஃகு நிறுவனத்தின் தலைவர். விலைகளை வெளிப்படையாக அறிவித்தவர், போட்டியாளரோடு விருந்துண்டு பேசியவர், அரசு விசாரணைக்கு ஏடுகளைத் திறந்துவைத்தவர். ராக்ஃபெல்லரிடம் டார்பெல் கண்ட குற்றம் மறைவு. மறைவில்லாத முதலாளி அவருடைய அளவுகோலின்படி நல்ல முதலாளி. அவ்வகையில் 1925ஆம் ஆண்டு நூல் 1904ஆம் ஆண்டு நூலுக்கு முரணானதன்று. அதன் பதினேழாம் இயலின் நீட்சி.

ஆனால் 1919இல் இலட்சக்கணக்கான எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களோடு பேசவே மறுத்தவரும் கேரிதான். உலைக்களத்தில் பன்னிரண்டு மணிநேர வேலைநாள் 1923 வரை நீடித்தது. நாடாளுமன்றக் குழு அவ்வேலைநிறுத்தத்தை விசாரித்தது. சாட்சியங்கள் அச்சில் இருந்தன. ஹெப்பர்ன் குழுவின் பதிவுகளை வரி வரியாகப் படித்தவர்க்கு இவை எட்டாதவை அல்ல. வாழ்க்கை வரலாற்றில் இவற்றின் எடை குறைவு. கேரியின் நோக்கங்களுக்கான விளக்கமே முன்னிற்கிறது. ரோஜர்ஸ் பேசினார், தாள் மறுத்தது, டார்பெல் தாளை நம்பினார் என்ற வரிசை இங்கே நிகழவில்லை. கேரி பேசினார், மறுக்கும் தாளைத் தேடி யாரும் போகவில்லை.

1926இல் இத்தாலிக்குச் சென்று ‘மக்கால்ஸ்’ இதழுக்கு முசோலினி ஆட்சியைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இதைவிட வருந்தத்தக்கவை. முசோலினியை நேரில் சந்தித்துப் பேசிய அவர், அம்மனிதரின் கவர்ச்சிக்கு ஆட்பட்டே எழுதினார். சிறையிலிருந்தோர், நாடு கடந்தோர் ஆகியோரின் சொல்லுக்கு அக்கட்டுரைகளில் ஈடான இடம் இல்லை. 1932இல் வந்த ஓவன் யங் நூல் ‘புதுவகைத் தொழில் தலைவர்’ எனத் துணைத்தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு, பின்பு சான்றைத் திரட்டுகிறது.

இவற்றினிடையே 1936இல் வெளிவந்த ‘வணிகம் தேசியமானது: 1878–1898’ என்ற நூலைக் குறிப்பிட வேண்டும். வரலாற்றுப் பேராசிரியர்களின் வரிசையில் ஒரு தொகுதியாக அதை எழுதும்போது டார்பெல்லுக்கு வயது எழுபத்தெட்டு. அதில் வாழும் முதலாளி எவரும் எதிரே அமர்ந்து விளக்கம் தரவில்லை. எண்ணெய், எஃகு, ரயில்பாதை ஆகியவற்றின் கணக்கு மீண்டும் விசாரணை அறிக்கைகளின்வழியே எடுத்துரைக்கப்படுகிறது; நிறுவனங்களின் கூட்டும் ரயில் கட்டணப் பாகுபாடும் அவற்றுக்குரிய கடுமையோடு எழுதப்பெற்றுள்ளன. முதுமை அவரை மென்மையாக்கியது என்ற விளக்கம் இந்நூலின் முன் நிற்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்குமுன் யங்கைப் போற்றிய அதே கை, பதிவேட்டின் முன் திரும்ப அமர்ந்ததும் பழைய நிதானத்தைப் பெற்றுவிட்டது.

1939இல் வெளிவந்த தன்வரலாற்றில் ராக்ஃபெல்லர் நூலைப் பற்றிய பக்கங்கள் உறுதியானவை. எதையும் அவர் பின்வாங்கிக்கொள்ளவில்லை. கேரி நூலையும் அவ்வாறே தற்காத்துக்கொள்கிறார். ரோஜர்ஸைப் பற்றிய பக்கங்களில் மட்டும் தொனி வேறு. உறவு முறிந்து முப்பத்தைந்து ஆண்டுகளும் அவர் இறந்து முப்பது ஆண்டுகளும் கழிந்த பின்னரும், அலுவலகத்தில் அமர்ந்து பேசிய அந்த அழகிய தோற்றமுடைய மனிதரை அவர் பரிவோடு எழுதுகிறார். அவரோடான உறவை முறித்த இயலை எழுதியதற்காக வருந்தவும் இல்லை.